கொடிகாமம் வழியே பருத்தித்துறைக்கு

கண்டி வீதியால் யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கு வருவோர், ஆனையிறவைக் கடந்து, பளை, எழுதுமட்டுவாள், மிருசுவில் ஆகிய ஊர்களைத் தாண்டியதும் சந்திக்கும் முதற் பெரிய சந்தி கொடிகாமம் ஆகும். தென்மராட்சியின் தலைமைப் பட்டினம் என்ற பெயரைச் சாவகச்சேரி தட்டிக்கொண்டு போய்விட்டது. ஆயினும் தேங்காயும் பலாப்பழமும் மாம்பழமும் குவியும் காலத்திற் கொடிகாமம் சந்தைக்குள் ஒரு தடவை நுழைந்து வந்தவர்கள், அந்தப் பட்டத்தைப் பற்றிச் சிறிது யோசிக்கவே செய்வர். காலையிலேயே துவிச்சக்கர வண்டிகளின் பின்னாலும் உழவு இயந்திரப் பெட்டிகளிலும் சுமை வந்து இறங்கும். பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்தே அதன் பக்குவத்தைச் சொல்லிவிடும் கிழவர்களை இங்கே காணலாம். ஒலியியல் படித்த நமக்கு அவ்வித்தை இன்னும் கைவரவில்லை.

வலிகாமத்தின் செம்மண்ணைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு இங்குள்ள மணல் புதுமையாகத் தோன்றும். வேலியோரம், ஒழுங்கை, கோயில் வீதி எங்கும் மணலே. தென்னைக்கு அது சுகம். நடப்பவனுக்குச் சிறிது களைப்பு. சந்தியில் நின்று பார்த்தால், கண்டி வீதி கிழக்கு மேற்காக ஓடுகின்றது. தெற்கே பிரியும் வீதி கச்சாய்க்கும் கடலேரிக்கும் செல்கின்றது. வடக்கே பிரிவது வரணி வழியாக வடமராட்சிக்குள் நுழைந்து பருத்தித்துறையை அடைகின்றது.

வடமராட்சிக்கு இருப்புப்பாதை என்றுமே அமைந்ததில்லை. வடபாதை முழுவதும் 1905-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பின்னர், கொழும்புக்குப் போக வேண்டிய வடமராட்சியார் பலருக்குக் கொடிகாமமே புகைவண்டி நிலையமாயிற்று. 1956 ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. பெட்டி படுக்கையுடன் வந்து மேடையில் நின்ற மாணவர்களும், சம்பளம் எடுத்து ஊருக்குத் திரும்பிய எழுதுவினைஞர்களும் இந்நிலையத்துக்கு ஒரு காலத்திற் பெரும் களையைக் கொடுத்தனர். 1990-இல் வண்டி நின்றது. தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டைகளும் காணாமற் போயின. மீண்டும் பாதை போடப்பட்டு, 2014 ஒக்டோபரிலேதான் யாழ்ப்பாணம் வரை வண்டி ஓடிற்று. இடைப்பட்ட 24 ஆண்டுகளிற் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறை, புகைவண்டியைப் பாடப் புத்தகத்துப் படத்திலேயே கண்டது.

ஆனையிறவுப் பாதை அடைபட்டிருந்த அந்நாட்களில், வெளியே போக வேண்டியோர் கொடிகாமத்தைத் தாண்டிக் கிளாலிக்குச் சென்று, இரவோடிரவாகப் படகேறிக் கடலேரியைக் கடந்தனர். கடந்தவர் எல்லாரும் கரை சேர்ந்தாரில்லை. பின்னர் 1995 ஒக்டோபர் 30-ஆந் திகதி தொடங்கிய பேரிடப்பெயர்வில், வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிற் தென்மராட்சிக்குள் வந்து நிறைந்தனர். கொடிகாமத்துப் பள்ளிக்கூடங்களும் கோயில் மடங்களும் மாமர நிழல்களும் வீடுகளாயின. அப்போது நாம் பள்ளி மாணவர்; அந்த மாமரங்களுள் ஒன்றை நமக்கும் தெரியும். 2000-ஆம் ஆண்டுப் போரிலோ தென்மராட்சியே சிதைந்து, இங்குள்ளோரும் ஓட வேண்டியதாயிற்று. இச்சந்தி வழியே போனோர் எத்தனை பேரென்று எண்ணியவர் இல்லை. திரும்பி வந்தோரை எண்ணுவது அவ்வளவு கடினமன்று.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, உயர்தர வகுப்பு மாணவர் இருவருடன் நாம் இச்சந்தியிற் பஸ்ஸுக்காகக் காத்து நின்றோம். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியைப் பார்த்து வருவது எண்ணம். இருவரும் பௌதிகத்தில் நல்ல கெட்டிக்காரர். ஒருவனுடைய மாமனார் கனடாவில் இருக்கின்றார். பரீட்சை முடிந்த கையோடு பையனை அங்கே எடுத்துவிடுவதென்று வீட்டிலே பேச்சு நடக்கின்றது. காணி ஈடு வைக்கும் அளவுக்குப் பேச்சு முற்றிவிட்டதென்று கேள்வி. தாயார் நம்மிடம் வந்து, "நீங்கள்தான் ஒரு சொல் சொல்லோணும்" என்றார். எந்தப் பக்கத்துக்கான சொல் என்று அவர் சொல்லவில்லை.

பேராசிரியர் அழகையா துரைராஜாவைப் பற்றி வகுப்பில் நாம் அடிக்கடி பேசுவதுண்டு. பயணத்தின் நோக்கமும் அவர் படித்த இடத்தைக் காட்டுவதுதான். சந்தியில் நின்றபடியே அந்தப் பையன் கேட்டான்:

"சேர், அவர் கேம்பிரிட்ஜிலேயே இருந்திருக்கலாமே? ஏன் திரும்பி வந்தவர்?"

பஸ் வந்துவிட்டது. அதிலே ஒலித்த சினிமாப் பாட்டின் பேரொலியில் விடை சொல்லும் அவசியம் தற்காலிகமாக நீங்கியது.

பேராசிரியர் துரைராஜா 1934 நவம்பர் 10-ஆந் திகதி வடமராட்சியிற் பிறந்தவர். ஹாட்லியிற் பயின்று, இலங்கைப் பல்கலைக்கழகத்திற் பொறியியல் படித்து, 1957-இல் முதல் வகுப்பிற் தேறினார். பின்னர் கேம்பிரிட்ஜ் சென்று ஆராய்ச்சிப் பட்டம் பெற்றார். பதவியால் அவர் குடிசார் பொறியியற் பேராசிரியர். ஆனால் அவர் ஆராய்ந்ததோ மண்ணின் பௌதிகம். மண்ணை அமுக்கினால் என்ன நிகழும், பக்கவாட்டிற் தள்ளினால் எப்போது சரியும், அப்போது நாம் செலவிட்ட வேலை எங்கே போய்ச் சேரும் என்பவை அவருடைய கேள்விகள். ஆகவே பௌதிகம் கற்பிக்கும் நாம் அவரை நம்மவர் என்று உரிமை கொண்டாடுவதில் தவறில்லை.

பஸ் வரணியைக் கடந்தது. சுட்டிபுரத்துக் கண்ணகை அம்மனுக்கு உள்ளிருந்தபடியே பலர் கைகூப்பினர். பனங்கூடல் மெல்ல மெல்லக் குறைந்து, வெளி விரிந்தது. முள்ளிப் பக்கம் வந்ததும் இருபுறமும் கடலேரியின் உவர் நிலம். மழைக்காலத்தில் நீர் பரந்து கிடக்கும். கோடையில் வெடித்துப் பாளம் பாளமாய்க் காயும். கொடிகாமத்து மணலில் ஏறி, இந்தச் சேற்றுக் களியைக் கடந்து, மீண்டும் கரை மணலில் இறங்குகின்றோம். மணலும் களியும் அடுத்தடுத்து வரும் இப்பாதையில் அவருடைய ஆராய்ச்சியை விளக்குவது கரும்பலகையில் விளக்குவதைவிட எளிது. 1961-இல் அவர் கேம்பிரிட்ஜில் எழுதிய ஆய்வேட்டின் பொருளே கயோலின் என்ற வெண்களியும் மணலுந்தான்.

மண்ணுக்கு வலிமை எங்கிருந்து வருகின்றது? பிரெஞ்சுப் பொறியியலாளர் கூலோம் 1773-ஆம் ஆண்டிலேயே இதற்கு ஒரு விடை சொன்னார். துணிக்கைகள் ஒன்றோடொன்று உராய்வது ஒன்று; ஒன்றையொன்று பசைபோற் பற்றிக்கொள்வது மற்றொன்று. மணலுக்கு உராய்வு, களிக்குப் பற்று என்று இரண்டாகப் பிரித்துவைத்து, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கட்டடக் கலை நடந்தது. கையில் ஒட்டும் களியைப் பார்க்கும் எவருக்கும் அது சரியென்றே படும்.

கேம்பிரிட்ஜில் ரொஸ்கோ என்ற பேராசிரியரின் குழுவிற் சேர்ந்த துரைராஜா, கணக்குப்பிள்ளை வரவு செலவு பார்ப்பதுபோல மண்ணின் சக்தியைப் பார்த்தார். உருளை வடிவான களித்துண்டை நெருக்கி உருக்குலைக்கும்போது வெளியிலிருந்து எவ்வளவு வேலை செய்யப்படுகின்றது? மீண்டும் பெறக்கூடியதாக மண் சேமித்து வைப்பது எவ்வளவு? மிகுதி எங்கே அழிகின்றது? பரிசோதனை எண்களை வரிசையாக வைத்துக் கணக்கிட்டபோது, அந்த மிகுதி ஓர் எளிய விதிக்கு அடங்கிற்று. மண்ணின் மீதுள்ள அமுக்கத்தையும் அது உருக்குலைந்த அளவையும் பெருக்கி, உராய்வுக்குரிய ஒரு மாறிலியாற் பெருக்கினாற் போதும்; கனவளவு கூடிற்றா குறைந்ததா என்று கேட்க வேண்டியதில்லை; பசைக்கென்று தனிச் செலவும் எழுத வேண்டியதில்லை. அமெரிக்காவில் டெய்லர் என்பவர் 1948-இல் மணலைப் பற்றிச் சொன்னதற்கு உறவான ஒரு விதியை, இவர் குழைந்த களியிற் கண்டார். வேறு வேறு சாதியென்று நினைத்த மணலும் களியும் ஒரே குலம் என்று ஆயின.

இந்த விதியிலிருந்து எழுந்த கொள்கையை ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட், துரைராஜா ஆகிய மூவரும் சேர்ந்து 1963-இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டனர். அதற்குக் கேம்பிரிட்ஜில் ஓடும் கேம் ஆற்றின் பெயரை ஒட்டி 'கேம் களி' என்று பெயர் அமைந்தது. அவ்வாற்றிலிருந்து களி எடுத்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. அது கற்பனை மண், சமன்பாடுகளாற் செய்த மண். அணைக்கட்டு எவ்வளவு தாழும், சுரங்கம் தோண்டினால் மேலுள்ள வீதி அசையுமா என்று கணக்கிடும் இன்றைய கணினி நிரல்கள், அக்களியையோ அதிலிருந்து பின்னர் திருத்தி அமைத்ததையோ பயன்படுத்துகின்றன. ஸ்கோஃபீல்ட் நெடுங்காலத்தின் பின் எழுதிய நூலிலும் துரைராஜாவின் அந்தக் கணக்கை நன்றியுடன் குறிப்பிட்டார். குடாநாட்டிலே ஆறே இல்லை என்பது நம்முடைய பழைய குறை. வடமராட்சிப் பிள்ளை ஒருவர் கேம்பிரிட்ஜ் ஆற்றின் பெயர் உலகெங்கும் பரவுவதற்குக் கைகொடுத்தார் என்பதை நினைக்கும்போது நமக்குச் சிரிப்பும் வரும், பெருமையும் வரும்.

நெல்லியடியிற் பஸ் கால் மணி நேரம் நின்றது. பாட்டும் நின்றது. பையன் தன் கேள்வியை மறக்கவில்லை என்பது அவன் முகத்திற் தெரிந்தது.

ஏன் திரும்பி வந்தார் என்பதற்கு அவர் சொன்ன விடை எதுவும் நம் கையில் இல்லை. வந்து என்ன செய்தார் என்பதை மட்டும் சொல்லலாம். முதலிற் கொழும்பிலும், பொறியியற் பீடம் 1964-இல் இடம்மாறிய பின் பேராதனையிலும் கற்பித்தார். அப்பீடத்தின் பீடாதிபதியாகவும் இருந்தார். இந்நாட்டு அணைகளையும் பாலங்களையும் கட்டிய பொறியியலாளர் பலர், மண்ணைப் பற்றி முதற்பாடம் கேட்டது அவர் வாயிலாகத்தான். அத்துடன் அவர் ஓய்ந்திருந்தாற்கூட, மரியாதைக்குரிய ஒரு வாழ்வாகவே இருந்திருக்கும்.

1988-இல் அவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். அந்த ஆண்டைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921-இல் நிறுவிய பரமேசுவரக் கல்லூரியின் வளவில், 1974-இல் வளாகமாகத் தொடங்கி, 1979-இல் முழுப் பல்கலைக்கழகமான அது, இன்னும் இளம் பிள்ளை. 1987 ஒக்டோபரில் அதன் முற்றத்திலேயே போர் நடந்து ஓராண்டு ஆகவில்லை. அதன் மேல் 1990 வந்தது. மின்சாரம் போயிற்று. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, சீமெந்து இல்லை, கடதாசி கூட அருமை.

இன்றைய மாணவர்கள் நம்ப மாட்டார்கள். ஆனால் நம் பௌதிகக் கல்வி தொடங்கிய ஆய்வுகூடம் அந்தப் பொருளாதாரத் தடைதான். ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சும் மண்ணெண்ணெயும் விட்டு, திரி பிடித்து எரித்த விளக்கில் எண்ணெய் ஏன் திரியில் ஏறுகின்றது என்று கேட்டோம். துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின்சாரம் எடுத்துச் செய்தி கேட்டார்கள் பெரியவர்கள். சுழற்றுவது நம் வேலை. செய்தி நீள நீளக் கை நோகும். பரடே கண்ட மின்தூண்டல் விதியை அவ்வாறு தோள்மூட்டாற் கற்றவர் உலகில் வேறெங்கும் இருப்பரோ தெரியாது.

துணைவேந்தரும் அவ்வூரில் அப்படியே வாழ்ந்தார். பல்கலைக்கழகத்தின் தலைவர் துவிச்சக்கர வண்டியில் வந்து இறங்குவதை அக்கால மாணவர்கள் இன்றும் கதையாகச் சொல்கின்றனர். கேட்பவர்கள் அதை எளிமை என்று புகழ்ந்துவிட்டு மேலே போய்விடுவர். நமக்கு அதில் வேறொன்று தெரிகின்றது. தடையினால் நடந்தும் மிதித்தும் வந்த மாணவனுக்கு முன்னே, அதே புழுதியோடு தலைவரும் வந்து நின்றால், 'இன்று விரிவுரை நடக்காது' என்று எவர் சொல்லத் துணிவர்? பரீட்சைகள் பிந்தின, ஆண்டுகள் நீண்டன, ஆயினும் விரிவுரைகள் தொடர்ந்தன. கற்பிக்க ஆளில்லாத பாடங்களுக்கு ஆள் தேடுவதும், கொழும்பிலிருந்து வரவேண்டிய அனுமதிகளுக்குக் கடிதம் எழுதிக் காத்திருப்பதும் கேம் களியைவிடக் கடினமான கணக்குகளாய் இருந்திருக்கும். நிருவாகி என்ற சொல்லை நாம் அவ்வளவு விரும்புவதில்லை; கோப்பும் மேசையுமே அதில் மணக்கும். ஒரு நிறுவனம் சரிந்துவிடாமற் தாங்கும் உராய்வு என்று அதற்குப் பொருள் கொண்டால், அச்சொல் இவருக்குப் பொருந்தும்.

அந்த நெருக்கடிக்குள்ளேயே, 1990-இல், கிளிநொச்சியில் விவசாய பீடம் தொடங்கப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். பொறியியற் பீடமோ 1979-ஆம் ஆண்டிலிருந்தே பேச்சாக இருந்து, அவர் கண்மூடி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்ற பின்னரே கிளிநொச்சி அறிவியல் நகரில் உருவாயிற்று. உலகம் அறிந்த பொறியியலறிஞர் ஒருவர் துணைவேந்தராக இருந்த பல்கலைக்கழகத்திற் பொறியியல் கற்பிக்க இடமில்லாதிருந்தது. இதை எழுதும்போது நமக்கு இப்போதும் கோபம் வருகின்றது.

இரத்தப் புற்றுநோய் கண்டு, 1994 ஜூன் 11-ஆந் திகதி கொழும்பில் அவர் காலமானார். அப்போது அறுபது வயது நிறையவில்லை.

பையன்கள் இருவரும் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு அந்த மற்றவன், இதுவரை வாய் திறவாதவன், கேட்டான்: "அப்ப, சேர், திரும்பி வந்ததால அவருக்கு நட்டந்தானே?"

"அவற்றை ஆராய்ச்சிக்கு நட்டம் எண்டு சொல்லலாம் தம்பி. கேம்பிரிட்ஜில இருந்திருந்தா இன்னும் பத்துக் கட்டுரை வந்திருக்கும்," என்றோம். "எங்களுக்கு நட்டமில்லை." இது பக்கச்சார்பான கணக்கு என்பது நமக்குத் தெரியும். கனடாவுக்குப் போக இருப்பவன் யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். போகாதே என்று அவனுக்கு நாம் சொல்லவில்லை. போரில் மூத்த மகனை இழந்த வீட்டில் இளையவனைக் கட்டிவைக்க ஆசிரியனுக்கு என்ன உரிமை? கேம்பிரிட்ஜுக்குப் போகாதிருந்தால் துரைராஜாவும் அந்த விதியைக் கண்டிருக்க மாட்டார்.

ஹாட்லிக் கல்லூரி, கடலை ஒட்டிப் பருத்தித்துறைப் பட்டினத்தில் இருக்கின்றது. வெசிலியன் பாதிரியார் பீற்றர் பேர்சிவல் 1838-இற் தொடங்கிய பள்ளிக்கூடம். 1916-இல் ஹாட்லி என்ற பெயர் பெற்றது. துரைராஜா பயின்றபோது அதிபராயிருந்தவர் கே. பூரணம்பிள்ளை. அவருக்கு முந்திய அதிபர் சி. பி. தாமோதரம் காலத்தில் இங்கே படித்த இன்னொருவர் கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர். 1918-இற் பிறந்த அவர், கேம்பிரிட்ஜில் டிராக்கின் மாணவராகி, கதிர்வீசும் எலெக்ட்ரன் எவ்வாறு இயங்கும் என்று ஆராய்ந்தார். கொழும்பிலும் மலாயாவிலும் அவுஸ்திரேலியாவிலும் கணிதப் பேராசிரியராயிருந்து, 2001-இல் மெல்பணிற் காலமானார். ஒரே பள்ளிக்கூடத்து வாங்கில் இருந்து எழுந்த இருவரில் ஒருவர் மிகச் சிறியதையும், மற்றவர் காலடியில் உள்ளதையும் ஆராய்ந்தனர். ஒருவர் தூர தேசத்திலேயே தங்கினார். மற்றவர் ஊருக்கு வந்தார். இருவரையும் ஹாட்லி தன் பிள்ளைகள் என்றே சொல்கின்றது.

சனிக்கிழமையாதலால் வகுப்புகள் இல்லை. காவலாளி அன்போடு உள்ளே விட்டார். மரநிழலில் ஒரு சுற்றுச் சுற்றினோம். பையன்கள் சுவரிலிருந்த பெயர்ப் பலகைகளை விரலால் தடவித் தடவிப் படித்தனர். வெளியே வந்து பருத்தித்துறை வடை வாங்கினோம். மொறுமொறுப்பும் உறைப்பும் மாறவில்லை. அதைக் கடித்தபடியே முனைப் பக்கமாக, வெளிச்சவீடு தெரியும் கரையில், மணற்பாங்கான ஓரிடம் பார்த்து நடந்தோம்.

அலை வந்து நனைத்துப் போன மணலில் அந்தக் கனடாப் பையன் கால் வைத்தான். கால் பட்ட இடத்தைச் சுற்றி ஈரம் மறைந்து மணல் சட்டென்று வெளுத்தது. காலை எடுத்ததும் அவ்விடத்திற் தண்ணீர் ஊறிற்று. மறுபடியும் வைத்தான், மறுபடியும் வெளுத்தது. நாம் எல்லாரும் சிறுவயதிலிருந்தே கண்ட காட்சிதான், கேட்கத்தான் மறந்துபோகின்றோம்.

"சேர், நான் அமத்திறன். அமத்தினா தண்ணி மேலயெல்லோ வரவேணும்? ஏன் உள்ள போகுது?"

1885-இல் ஒஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற ஆங்கிலப் பேராசிரியர் இதே கேள்வியைக் கேட்டார். நெருங்கி அடுக்கப்பட்ட மணிகள், ஒன்றையொன்று தாண்டி நகர வேண்டுமானால், முதலில் ஒன்றின் மேலொன்று ஏற வேண்டும். ஏறும்போது இடைவெளி பெருக்கின்றது. மேலே நின்ற தண்ணீர் அந்த இடைவெளியை நிரப்ப உள்ளே இறங்குகின்றது. ஆகவே அமுக்கப்பட்ட மணல் சுருங்கவில்லை; விரிகின்றது. குழைந்த களியோ இதற்கு மாறாகச் சுருங்கும். விரிவதையும் சுருங்குவதையும் ஒரே கணக்கில் அடக்கியதுதான் துரைராஜா செய்த வேலை என்று, வடைக் கடதாசியின் பின்புறத்திற் படம் போட்டுக் காட்டினோம்.

அவன் கடதாசியை வாங்கிப் பார்த்தான். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். பிறகு சற்றுத் தள்ளிப் போய், அலை எட்டாத உலர்ந்த மணலில் ஒரு காலையும், ஈர மணலில் மறு காலையும் வைத்து நின்றுகொண்டு, எது முதலிற் புதைகின்றதென்று பார்க்கும்படி நண்பனைக் கூப்பிட்டான். கொடிகாமத்துக்குப் போகும் பஸ்ஸுக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது.